வெட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது? ஓர் ஓவியத் திருட்டு விளையாட்டின் நிகழ்வு ஆய்வு

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கணினியில் ஆடும் பொருள் தேடும் விளையாட்டு ஒன்று. ஐந்து காட்சி, ஒரு திருட்டு, ஓர் ஓவியம். களம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டப்புறம். மேட்டில் பழைய துரை பங்களா இருக்கிறது, இப்போது அது பொதுக்கூடம். கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பூட்டிக் கிடக்கும் ரப்பர்ப் பால் ஸ்டோர். சடக்கைத் தாண்டினால் கடைத்தெரு. கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம். பேரப்பிள்ளையும் பாட்டியும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஆடவேண்டும் என்பதுதான் செய்தவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. தவறுகள் பாதிக்குமேல் அந்த இலக்கால்தான் வெளியே வந்தன. பிள்ளை மட்டும் ஆடியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

இந்த வகை விளையாட்டுக்கு இலக்கணம் ஏற்கனவே உண்டு. பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' அதைப் பரப்பியது. சாமான்கள் குவிந்த ஒரு படம், கீழே சொற்பட்டியல், பட்டியலில் உள்ளதைப் படத்தில் தேடிச் சொடுக்குவது, இடையிடையே ஒரு புதிர். எலும்புக்கூடு அவ்வளவுதான். மீதியெல்லாம் எந்தச் சாமான், எந்தச் சொல், ஏன் அங்கே கிடக்கிறது என்பதில் இருக்கிறது.

கதை

பங்களாக் கூடத்தில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம். விடியற்காலையில் ஒரு பெண் தலைவிளக்கோடு பால் மரம் வெட்டுகிறாள், அதாவது ரப்பர்ப் பாலுக்காகப் பட்டையைச் சீவுகிறாள். ஓவியம் வழக்கம்போல ஆணியில் தொங்குகிறது, எதுவும் திருடுபோனதாகத் தெரியவில்லை. விருந்துக்கு வந்த பாட்டி அதன் எதிரே நிற்கிறார்.

"இது நம்ம படம் இல்லடா தம்பி."

"எப்படி பாட்டி சொல்றீங்க? அதே படந்தானே?"

"வெட்டு எந்தப் பக்கம் இறங்குது பாரு. இப்படி நான் வெட்டியிருந்தா கங்காணி அன்னைக்கே என்னய வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

முதல் துப்பு இதுதான். மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழே, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கவேண்டும். இதை வெறும் பழக்கம் என்று நினைத்துவிடக்கூடாது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை, ஏற ஏறச் சில பாகை வலப்பக்கம் சாய்கின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அந்தச் சாய்வைக் குறுக்கே கடப்பதால் அதிகக் குழாய்களைத் திறக்கிறது. திருப்பி வெட்டினாலும் பால் வரும், குறைவாக வரும். அரைச் சுற்று வெட்டு, அதன் தாழ்ந்த முனையிலிருந்து கீழே இறங்கும் கோடு, கோட்டின் அடியில் தகர மூக்கு, அதற்குக் கீழே கம்பியில் பால் பிடிக்கும் மங்கு. நகலில் இவை எல்லாமே இடது வலது மாறி இருக்கின்றன. 1877-இல் கோலகங்சாரில் நட்ட கித்தா மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அங்கிருந்து அதிக தூரமில்லாத ஊரில் இந்தத் துப்புக்கு விளக்கவுரை தேவைப்படாது என்று செய்தவர்கள் எண்ணினார்கள். பாட்டிமார் விஷயத்தில் அது சரி. பிள்ளைகள் செம்பனைதான் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் இரண்டாம் காட்சியில், லயத்து அடுப்படிச் சுவரில், பால் வெட்டும் பழைய புகைப்படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டவேண்டி வந்தது.

நகல் ஏன் திரும்பியது? நகல் எடுத்தவர் ஓவியத்தை நேரில் பார்த்து வரையவில்லை, கடைத்தெரு ஸ்டுடியோவில் கழுவிய பிலிமை வைத்து வரைந்தார். பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். புறம் மாற்றி வைத்து அச்சிட்டால் படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். எந்தப் புறம் சரி என்பதைப் பிலிமின் ஓரத்தில் உள்ள எண்ணும் எழுத்தும் காட்டிக்கொடுக்கும். பளபளப்புப் புறம் நம்மைப் பார்க்கும்போது அவை நேராகப் படிக்கும். நான்காம் காட்சியில் பிலிம் துண்டைத் திருப்பிப் பார்க்கும் புதிர் அதற்குத்தான். இரண்டாவது சாட்சி சட்டைப் பை. ஓவியத்துப் பெண் போட்டிருப்பது ஆண்கள் சட்டை, அதன் பை இடப்பக்கம் இருக்கவேண்டும். நகலில் வலப்பக்கம் இருக்கிறது.

பெரிய தவறு

துப்பு இவ்வளவு நேர்த்தியாக இருந்தும் முதல் சோதனைப் பதிப்பில் விளையாட்டு சரிந்தது. அசல் ஓவியத்திலும் பாதி மரங்களில் வெட்டு தவறான பக்கம் இறங்கியிருந்தது.

காரணம் சாதாரணமானது. வரைபவர் ஒரு நிரை மரங்களை வரைந்து, அதைப் பிரதி எடுத்து, கிடைமட்டமாகத் திருப்பி மறுபக்கத்தை நிரப்பினார். எந்த ஓவிய மென்பொருளிலும் எல்லோரும் செய்வதுதான், அரை நாள் வேலை மிச்சம். ஒரே மரம் திரும்பத் திரும்ப வருவது தெரியாமலிருக்கவும் அது உதவும். வெட்டும் கூடவே திரும்பியது. பாட்டி நகலைப் பார்த்துச் சொல்லவேண்டிய வசனத்தை, சோதனைக்கு வந்த முன்னாள் பால்வெட்டுக்காரர்கள் அசலைப் பார்த்தே சொன்னார்கள். அசலே பிழையாக இருந்தால் நகலைக் குற்றம் சொல்ல முடியாது. மர்மமே அங்கே செத்துவிட்டது.

இதைப் பார்க்க உட்கார்ந்தபோது வெளிச்சத்துப் பிழையும் கிடைத்தது. விடியல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, திருப்பிய மரங்களில் மட்டும் வலப்பக்கத்திலிருந்து வந்திருந்தது. பிள்ளைகள் சிலர் "படம் ஏதோ ஒரு மாதிரி இருக்கு" என்றது இதனால்தான்.

திருத்தம் மூன்று படியில் நடந்தது. மரத்தின் தண்டு, கிளை, இலை ஓர் அடுக்கில் வந்தன. வெட்டு, கோடு, மூக்கு, மங்கு நான்கும் தனி அடுக்குத் தொகுப்பாகி, அதன் பெயர் 'திருப்பாதே' என்று தொடங்கியது. நிழல் மூன்றாவது அடுக்கு, அது கடைசியில்தான் வரும். திருப்புவதாக இருந்தால் முதல் அடுக்கை மட்டும் திருப்பவேண்டும். பிறகு ஒவ்வொரு காட்சியையும் வெளியிடுமுன் ஒரு சோதனைத் தாளோடு ஒப்பிட்டார்கள். அதில் இருந்தவை வெட்டுச் சரிவு, சட்டைப் பை, புடவை முந்தானை (இடது தோள்), கடிகார முகம், கடைப்பலகை எழுத்து, லாரியின் ஸ்டியரிங் (மலேசியாவில் வலப்பக்கம்), மோட்டாரின் செயின். செயின் பக்கத்தை ஒரு சிறுவன்தான் பிடித்தான்.

சாமான்களின் பெயர்

படத்தைவிடச் சொற்பட்டியல்தான் அதிக நேரம் தின்றது. முதல் பட்டியல் அகராதியைத் திறந்துவைத்து எழுதியதுபோல இருந்தது. 'இரப்பர்ப் பால் கிண்ணம்', 'சுருள் கொசுவிரட்டி', 'கையடக்க மின்விளக்கு'. யாரும் அப்படிச் சொல்வதில்லை. மங்கு, கொசுவத்தி, டார்ச்லைட் என்று மாற்றியதும் பாட்டிமார் வேகம் கூடியது. ஆனால் மங்கு என்றால் பிள்ளைகள் சூப் குடிக்கும் கிண்ணத்தைத் தேடினார்கள். பால் ஸ்டோர் காட்சியில் அப்படி ஒரு கிண்ணமும் அலங்காரமாகக் கிடந்தது. அதைச் சொடுக்கினால் தவறு என்று மணி அடிக்கும். கிண்ணத்தை எடுத்தார்கள். தோட்டச் சாமான்களுக்கு மட்டும் இன்னொரு வசதி சேர்ந்தது. முதல் முறை வரும்போது சொல்லுக்குப் பக்கத்தில் அந்தச் சாமானின் கறுப்பு நிழலுருவம் வரும். அடுத்த காட்சியில் அதே சொல் வந்தால் நிழலுருவம் வராது. மங்கு, காண்டா, ஒட்டுப்பால் (மங்கில் ஒட்டி உறைந்த பால்), பால் வெட்டும் கத்தி நான்கும் இப்படித்தான் பிள்ளைகளுக்குப் பழக்கமாயின. காண்டாவில்தான் இன்னும் இழுபறி. தோளில் வைத்து இரண்டு முனையிலும் வாளி மாட்டும் கட்டை அது, மூலையில் சாய்த்து வைத்தால் வெறும் கம்புதான். வாளிக் கொக்கிகள் தெரியும்படி குறுக்கே படுக்கப் போட்டபிறகுதான் சரியானது.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் தமிழில் அது வரம், கவனக்குறைவாக விட்டால் சாபம். அடுப்படிக் காட்சியில் 'சீப்பு' என்று பட்டியலில் வந்தது. தலைவாரும் சீப்பும் இருந்தது, ஆணியில் வாழைச் சீப்பும் தொங்கியது. நிரல் முதலாவதை மட்டுமே ஏற்றது. பாட்டி வாழைப்பழத்தைச் சொடுக்கித் தண்டனை வாங்கினார், பாட்டி செய்தது சரி. பிறகு அதையே விளையாட்டாக்கினார்கள். பட்டியலில் 'சீப்பு 2' என்று வரும், இரண்டையும் எடுக்கவேண்டும். 'நூல் 2' அதேபோல, நூற்கண்டும் புத்தகமும். சிரிப்பு வரும் இடங்கள் இவை. 'படி' மட்டும் கைவிடப்பட்டது. அரிசி அளக்கும் படி ஒன்று இருந்தது, பின்னணியில் பங்களாப் படிக்கட்டு பதினோரு படி இருந்தது.

இதிலிருந்து வந்த வேலைமுறை இது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் மறைத்து வைத்த சாமான்களோடு மட்டுமல்ல, பின்னணியில் வரைந்த எல்லாவற்றோடும் ஒப்பிடவேண்டும். சுவர் நாள்காட்டிக்குள் இருக்கும் படத்தையும் விடக்கூடாது. அந்த நாள்காட்டிப் படத்தில் ஒரு குடை இருந்தது, பட்டியலிலும் குடை இருந்தது. ஒரு காட்சிக்கு 20 சாமான் மறைத்து, ஆட்டத்துக்கு 12 சொல் குலுக்கி எடுக்கிறார்கள் என்பதால் இந்த மோதல் எல்லா ஆட்டத்திலும் வராது. குலுக்கலில் குடை விழுந்த ஆட்டத்தில்தான் வரும். அப்படிப்பட்ட பிழை சோதனையில் எளிதில் நழுவிவிடும். 20 சொல்லையும் ஒரே ஆட்டத்தில் காட்டும் சோதனை முறை ஒன்றை நிரலில் வைத்தால் போதும்.

எழுத்துத் தொல்லை தனி. முதல் பதிப்பு யூனிட்டி என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில், அதன் எழுத்துக் காட்டும் பகுதியான டெக்ஸ்ட்மெஷ்புரோ வழியாகச் சொற்களைக் காட்டியது. அது தமிழ் எழுத்துகளை ஒன்றாகச் சேர்த்து இடம் மாற்றிக் காட்டாது, சேமித்த வரிசையிலேயே அடுக்கும். 'பெட்டி'யில் ப-வுக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு ப-வைத் தாண்டி ட-வுக்கு முன்னால் போய் நின்றது. மங்கு, குடை மாதிரிச் சொற்களும் தப்பவில்லை. சொற்களைப் படமாக வரைந்து ஒட்டலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி வரையவேண்டும், இந்தப் பட்டியலோ வாரம் இருமுறை மாறிக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 என்ற இன்னொரு விளையாட்டு மென்பொருளில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரல் உள்ளேயே இருப்பதால் விளையாட்டை அங்கே மாற்றினார்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், இலவசம். 1366 புள்ளி (பிக்சல்) அகலத் திரையில் நான்கு பத்தி வைத்தால் ஒரு பத்திக்கு 341 புள்ளி, ஓரம் போக 290 மிஞ்சும். 28 புள்ளி எழுத்தில் ஏறத்தாழப் பத்து எழுத்துக்கு மேல் போனால் சொல் அடுத்த வரிக்கு உடையும். 'பால் வெட்டும் கத்தி' அதனால் இரண்டு வரியில் வருகிறது. அதைச் சுருக்கிக் 'கத்தி' ஆக்கினால் அடுப்படிக் கத்தியும் பாராங் என்ற வெட்டுக்கத்தியும் குறுக்கே நிற்கும், ஆகவே இரண்டு வரியே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

மறைப்பதும் சொடுக்குவதும்

மறைத்த சாமானில் மூன்றில் இரண்டு பங்காவது தெரியவேண்டும், அடையாளம் சொல்லும் பாகம் மூடப்படக்கூடாது. கெண்டியின் மூக்கை மறைத்தால் அது வெறும் உருண்டை. நிறத்தால் மட்டும் மறைப்பது மோசமான வழி. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அந்தச் சாமான் கிடைக்கவே கிடைக்காது, ஆண்களில் இது அரிதும் அல்ல. உருவத்தால் மறைக்கவேண்டும். சுருண்ட தோட்டக் குழாய்க்குள் கொசுவத்தி, சன்னல் கம்பிகளுக்கு நடுவே கம்பிபோல நிற்கும் ஊதுபத்தி. ஒட்டிய இடத்தில் மெல்லிய நிழல் விழாவிட்டால் சாமான் மிதக்கும், கண் உடனே பிடித்துவிடும்.

சொடுக்கும் எல்லை செவ்வகமாக இருந்தால் பக்கத்துச் சாமானும் உள்ளே விழும். உருவத்தைச் சுற்றிப் பல்கோணம் போட்டு நாலைந்து புள்ளி வெளியே தள்ளவேண்டும். தொடுதிரையில் ஊசி மாதிரிச் சிறியதற்கு 48 புள்ளிக்குக் குறையாத இடம் தேவை. மூன்று நொடிக்குள் ஐந்து தவறான சொடுக்கு விழுந்தால் சுட்டி ஐந்து நொடி பூட்டிக்கொள்ளும். உதவிப் பொத்தான் 30 நொடியில் மறுபடி நிறையும். நேரக் கட்டுப்பாடு எடுத்துவிடப்பட்டது, பாட்டிமார் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

பழைய மடிக்கணினிகளில் மூன்றாம் காட்சி திணறியது. பார்த்தால் ஒவ்வொரு சாமானையும் முழுக் காட்சி அளவில், 1920×1080 வெற்றுத்தாளோடு, தனித்தனிக் கோப்பாகச் சேமித்திருந்தார்கள். பி.என்.ஜி. கோப்பு வட்டில் சிறியதாகத்தான் இருக்கும். நினைவகத்தில் விரிந்ததும் 1920×1080×4, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பைட். 20 சாமானும் பின்னணியும் சேர்ந்து 174 மெகாபைட். வெற்றிடத்தை வெட்டி, இடக்குறிப்பை மட்டும் எண்ணாக வைத்ததும் பின்னணிக்கு மேல் ஒன்றிரண்டு முழுப் படத்தின் அளவுகூட ஆகவில்லை.

ஓவியம் எங்கே போனது

முதல் கதையில் திருடன் ஓவியத்தைச் சுருட்டிக் குடைக்குள் செருகி எடுத்துப் போனான். பார்க்க நன்றாக இருக்கும், நடக்காது. காய்ந்த எண்ணெய் வண்ணத்தை அவ்வளவு இறுக்கமாகச் சுருட்டினால் வெடித்து உதிரும். சுருட்டியே ஆகவேண்டுமென்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்க, பருமனான உருளையில் சுற்றுவதுதான் பராமரிப்பாளர் முறை. மோனாலிசாவைச் சுருட்டவே முடியாது, 77×53 செ.மீ. பாப்லர் பலகை அது. 1911 ஆகஸ்டு 21 அன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து அதைத் திருடியவர் சுருட்டவுமில்லை. போனது மறுநாள்தான் தெரிந்தது. புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று காவலர்கள் இருந்துவிட்டார்கள். 1913 டிசம்பரில் பிளாரன்ஸில் அகப்படும்வரை பெரும்பகுதி காலம் பாரிசிலேயே ஓர் அறையில் கிடந்தது. போஸ்டனில் 1990 மார்ச் 18 அன்று கார்ட்னர் அருங்காட்சியகத்தில் போலீஸ் உடையில் வந்த இருவர் 81 நிமிடத்தில் 13 கலைப்பொருட்களோடு போனார்கள். அங்கே காலிச் சட்டங்கள் இன்னமும் தொங்குகின்றன.

இவற்றிலிருந்து விளையாட்டு எடுத்துக்கொண்டது மோனாலிசாவின் பாடம்: பொருள் தூரம் போகவேண்டியதில்லை. அசல் பங்களாவை விட்டே போகவில்லை, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்த கேரம் பலகையின் முதுகில் இருக்கிறது. பலகை முதல் காட்சியிலிருந்தே கண்முன் நிற்கிறது, ஆனால் பட்டியலில் வருவதே இல்லை. இங்கேயும் ஓர் அளவுப் பிழை. ஓவியம் முதலில் 60×90 செ.மீ. என்று எழுதப்பட்டது. கேரம் ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம், 90 அதன் பின்னால் ஒளியாது. 45×60 ஆக்கினார்கள். ஆக்கியதும் கூடத்தில் தொங்கும் நகலையும் சுருக்கி மறுபடி ஏற்றவேண்டி வந்தது. கதைக்குரிய அளவுகளை வரையத் தொடங்குமுன் நூலும் அட்டையும் வைத்து ஒருமுறை பார்த்திருந்தால் அந்த வேலை இல்லை.

திருடன் ஸ்டுடியோ உதவியாளர். அது யாருக்கும் பெரிய அதிர்ச்சியாக இருக்கவில்லை, இருக்கவேண்டியதும் இல்லை.

கடைசிக் காட்சி

அசலும் நகலும் மேசைமேல், முதுகு காட்டி. அசலின் கித்தான் துணி பழுப்பேறியது, கட்டையில் சிறு ஆணிகளால் அடித்தது, ஆணியைச் சுற்றித் துருக்கறை. நகலின் துணி வெள்ளை, ஸ்டேப்ளர் பின் போட்டது. மூக்குப் பக்கம் கொண்டுபோனால் எண்ணெய் வாசம், பாட்டியின் வசனமாக. புற ஊதா டார்ச் அடித்தால் பழைய பிசின் வார்னிஷ் இளம்பச்சையாக ஒளிரும். அசலில் ஒளிர்கிறது, நகலில் இல்லை. அசலின் ஒரு மூலையில் மட்டும் கறுப்புத் திட்டு, பின்னாளில் யாரோ தொட்டுச் சரிசெய்த இடம். அந்தத் திட்டை முதலில் பிழை என்று நினைத்து அழிக்கப் பார்த்தார்கள். அது இருப்பதுதான் நல்லது, அசலுக்கு உரிய தனி அடையாளம் அது.

பிறகு ஆடுபவர் ஓர் அட்டையை நிரப்புகிறார். 1997-இல் கெட்டி என்ற அமெரிக்கக் கலை அறக்கட்டளையின் முயற்சியில் உருவான 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற கலைப்பொருள் விவரிப்பு முறைதான் அது. பொருளின் வகை, செய்பொருளும் முறையும், அளவு, எழுத்தும் முத்திரையும், தனி அடையாளங்கள், தலைப்பு, படத்தில் இருப்பது என்ன, காலம், செய்தவர், இவற்றோடு புகைப்படம். திருடுபோனபின் தேடும்போது கையில் இருக்கவேண்டியது இந்த அட்டை. அது முன்னதாகவே எழுதப்பட்டிருக்கவேண்டும். தமிழ்நாட்டில் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் 2008-இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-இல் அது திரும்பியதற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்குமுன் கோயிலிலேயே எடுத்துவைத்த புகைப்படம் பெரிய சான்று. தோட்டத்துக் கோயிலில் ஒரு பஞ்சலோக விளக்கு இருந்தாலும் இதே அட்டை பொருந்தும்.

அளவுக் கட்டத்தில் ஒரு பொறி மிஞ்சியிருக்கிறது, அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சரியான விடை 45×60. சிலர் 57×72 என்று எழுதுகிறார்கள், ஒவ்வொரு ஓரமும் 6 செ.மீ. சட்டத்தைச் சேர்த்து. முதல் பதிப்பு அதைச் சிவப்பில் 'தவறு' என்று தள்ளியது. இப்போது கட்டம் மஞ்சளாகி, கூடத்துச் சுவர் ஒரு நொடி திரையில் வந்து போகிறது. சட்டம் அங்கே, வெறுமையாகத் தொங்குகிறது. நேற்றுவரை அதற்குள் இருந்தது நகல்.